எதிரெதிரே அழுகிய இரண்டு மூலைகள்

1. உளி உள்ளே போனது

ஜன்னல் சட்டத்தின் கீழ்மூலையில் உளியை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். நல்ல தேக்காக இருந்தால் நுனி மட்டும் பதிந்து நின்றுவிடும். இது பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது வடிகட்டிய காபித்தூள் மாதிரி மரம் கொட்டியது.

"எவ்வளவு தூரம் போயிருக்கு?" என்று பின்னால் நின்ற டாக்டர்பாய் கேட்டார். மராத்தியில் பாய் என்றால் அம்மா.

"மூலை முழுசும் போச்சு பாய். பெயிண்ட்தான் நின்னுகிட்டு இருக்கு."

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. கட்கியில் ஒரு பழைய கல் பங்களா. வாசலின் பக்கவாட்டில் ஆறு படி இறங்கினால் பாதி தரைக்குக் கீழே இருக்கும் ஒரு பெரிய அறை. அதில்தான் டாக்டர்பாய் குழந்தைகளுக்குக் கிளினிக் வைத்திருந்தார். சுவரின் மேல்பகுதியில் இரண்டு ஜன்னல்கள். அவற்றின் அடிச்சட்டம் வெளியே தோட்டத்து மண்ணைவிட ஒரு சாண்தான் உயரம். உள்ளே நின்று பார்த்தால் வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும்.

என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கிக்கு வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. மரவேலை கற்றுக்கொண்டு மானே என்ற மராத்திய கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். என் மனைவி கஸ்தூரிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும். "இன்னைக்கு மானே இன்னா சொல்லிச்சு?" என்று தினமும் கேட்பாள். நல்ல மனிதர்தான். ஆனால் எப்போதும் அடுத்த சைட்டுக்குக் கிளம்பிக்கொண்டே இருப்பார். வெளியில் எல்லோரிடமும் நான் பேசியது ஹிந்தியும் மராத்தியும்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

டாக்டர்பாய்க்கு அவசரம். ஜூனில் மழை பிடித்துவிடும். "இருமலுக்கு வர குழந்தைங்க இங்க ஒரு மணி நேரம் உக்காந்து, இன்னும் இருமிகிட்டுப் போகுது. இந்த ஈர வாடை போகணும்" என்றார். பிறகு கேட்டார்: "இது எதனால அழுகுச்சு?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். சுவரை ஒட்டி மோக்ரா செடிகள், அதாவது நம் குண்டுமல்லி, வரிசையாக நின்றன. மண் கறுப்பாக இருந்தது.

"தோட்டத்துத் தண்ணிதான் பாய்" என்றேன். உளியைப் பெட்டியில் போடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை.

டாக்டர்பாய் படியேறிப் போய்க் கூப்பிட்டார். நாம்தேவ் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் வெள்ளைக் குல்லாய், கையில் மண். பதினெட்டு வருடமாக அந்த பங்களாவில் தோட்டக்காரர். பின்பக்கத்து ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார்.

"போன வருஷமே உனக்குச் சொன்னேன் இல்ல, சுவர்ப் பக்கம் தண்ணி ஊத்தாதேன்னு?" என்றார் டாக்டர்பாய்.

"நீங்க சொன்ன நாள்லேர்ந்து ஊத்தலை பாய். ஒரு முழம் தள்ளித்தான் ஊத்துறேன்."

"அப்ப இது எப்படி அழுகுது?"

"அது எனக்குத் தெரியாது பாய். மிஸ்திரி வெளிய வந்து மண்ணைத் தொட்டுப் பாக்கட்டும். மேலே கறுப்பா இருக்கும், சுவரோரம் விரலை விட்டா காஞ்சு கெடக்கும்." என்னைப் பார்த்தார். "வா மிஸ்திரி, ஒரு நிமிஷம்."

என்னோடு வந்திருந்த மானே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் மரக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. எழுந்து ஆறு படி ஏறியிருந்தால் போதும். நான் ஏறவில்லை. கையிலிருந்த மரத்தூளை அவர் முன் நீட்டி, "மரம் பொய் சொல்லாது மாமா" என்றேன்.

மானே சிரித்தார். அப்போது எனக்கும் நன்றாகத்தான் பேசிவிட்டதாகத் தோன்றியது. நாம்தேவ் என் கையைப் பார்த்தார். பிறகு படியேறிப் போய்விட்டார்.

2. கால்கள்

வேலை நான்கு நாள். அழுகிய பகுதியை மட்டும் வெட்டினால் போதாது. உளிக்கு எதிர்த்து நிற்கும் மரம் வரும்வரை, அதற்கும் நான்கு விரல் தாண்டி வெட்ட வேண்டும். வெட்டு நேராக இல்லாமல் சரிவாக இருக்க வேண்டும். அப்போதுதான் புதுத் துண்டு பழையதோடு நன்றாகப் படுத்து ஒட்டும். பசை, மர ஆணி, கல்லைத் தொடும் பக்கம் தார், வெளிப்பக்கம் தண்ணீர் வடிய லேசான சாய்வு. இதையெல்லாம் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். என் கைவேலையில் அன்றும் குறை இல்லை.

வெட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். முதல் ஜன்னலில் வலது மூலை அழுகியிருந்தது. இரண்டாவதில் இடது மூலை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் நான்கடிச் சுவர். மற்ற இரண்டு மூலைகளும் கல் மாதிரி இருந்தன. தண்ணீர் தோட்டத்திலிருந்து வந்தால் சட்டம் நெடுக நனையும். மூலைகள் ஏன் இப்படி ஆள் பார்த்து அழுக வேண்டும்? இந்தக் கேள்வி எனக்குள் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. காரணத்தைத்தான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே.

மூன்றாம் நாள் காலை இரண்டாவது ஜன்னலுக்குத் துண்டு பொருத்திக்கொண்டிருந்தேன். கதவைக் கழற்றியிருந்ததால் திறப்பு வெறுமையாக இருந்தது. வெளியே ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் வந்து நின்றது. அதன் பக்கத்தில் வெடிப்பு விழுந்த இரண்டு கால்கள். அவை நாம்தேவின் கால்கள் என்று தெரிந்தது. பிறகு மெட்டி போட்ட கால்கள். அவை அறைக்குப் போவதும் வண்டிக்கு வருவதுமாக இருந்தன. டிரங்குப் பெட்டி வைக்கும் சத்தம், சுருட்டிய மெத்தையைப் போடும் சத்தம்.

மேலே யாரோ ஒரு பெண் கேட்டாள்: "என்னத்தைத் திருடினாங்களாம்?"

ஒரு பித்தளைச் சொம்பு வண்டியிலிருந்து நழுவி உருண்டு ஜன்னலருகே வந்தது. அதை எடுக்க மெட்டிக் கால்காரி குனிந்தாள். அவள் முகம் என் முகத்துக்கு நேராக, ஒரு முழத் தூரத்தில் வந்தது. நாம்தேவின் மனைவி வத்சலாபாய். கையில் உளியோடு நின்ற என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சொம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டாள்.

ஏன் அனுப்பிவிட்டார்கள் என்று மானேவிடம் கேட்டபோது சொன்னார்: "டாக்டர்பாய்க்குத் தண்ணி ஊத்துனது பெரிசில்ல. முகத்துக்கு நேரா பொய் சொன்னான் பாரு, அதுதான். விடு செல்வா. அவங்க வீட்டு விஷயம்."

அன்று இரவு கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "மழைக்காலத்துக்கு முன்ன குடித்தனத்தை எடுத்து வெளிய வெச்சாங்களா? நீங்க வேற ஒண்ணுமே சொல்லலியா?" என்றாள்.

3. மார்ச் மாதத்து ஈரம்

அந்த மழை முழுக்க ஜன்னல்கள் தாங்கின. அடுத்த மார்ச்சில் டாக்டர்பாய் மானேவுக்கு போன் செய்தார். நான் தனியாகப் போனேன்.

என் புதுத் துண்டுகள் இரண்டும் ஊதியிருந்தன. பெயிண்ட் கொப்புளம் விட்டிருந்தது. நகத்தால் கிழித்தபோது உள்ளே பச்சை ஈரம். வெளியே போய்ப் பார்த்தேன். மோக்ரா செடிகள் ஒன்றும் இல்லை. டாக்டர்பாய் அவற்றைப் பிடுங்கிவிட்டுச் சுவர் நெடுக ஷஹாபாத் தளக்கல் பரப்பியிருந்தார். மழை நின்று ஐந்து மாதம் ஆகிறது. கல் வெயிலில் காய்ந்து சுட்டது. வெளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. உள்ளே மரம் நனைந்திருக்கிறது.

கீழே வந்து இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் இருந்த நான்கடிச் சுவரில் கையை வைத்தேன். குளிர்ச்சி. டாக்டர்பாயிடம் அனுமதி கேட்டுவிட்டு, சுத்தியும் உளியுமாகப் பூச்சை உடைத்தேன். ஒரு முழம் உடைத்ததும் ஜி.ஐ. பைப் தெரிந்தது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கிளினிக்கின் கைகழுவும் பேசினுக்கு வரும் பைப். சுவருக்குள் புதைத்தது. அதன் ஜாயிண்டில் ஊசி முனை அளவு ஒரு சொட்டு திரண்டு, நின்று, பைப்பின் மேல் வழிந்து கல்லுக்குள் மறைந்தது. பிறகு அடுத்த சொட்டு. அவ்வளவுதான். வருடக்கணக்காக அந்தச் சொட்டு இரண்டு பக்கமும் கல்லுக்குள் ஊறி, இரண்டு சட்டத்தின் முதுகையும் நனைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்தவன்.

மானேவுக்கு ஆள் அனுப்பினேன். பிளம்பரோடு வந்தார். பைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே புரிந்துகொண்டார். என்னை வாசலுக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பதான் புதுசா ஒழுக ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லு. போன வருஷத்தது வேற, இது வேற."

"போன வருஷத்து அதே மூலைங்கதான் சேட்."

"அரே, அது உனக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா? அந்த மனுஷன் போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. இப்ப சொல்லி என்ன ஆகும்? நம்ம பேருதான் போகும்."

அவர் சொன்னதில் எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. கீழே இறங்குவதற்குள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்தேன். ஆனால் உள்ளே டாக்டர்பாய் உடைத்த சுவருக்கு முன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றிருந்தார். அந்தச் சொட்டு திரள்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை நாளா ஒழுகுது?" என்றார்.

"பல வருஷமா பாய். போன வருஷம் அழுகுனதும் இதனாலதான். தோட்டத்துத் தண்ணி இல்லை. நான் பாக்காம சொல்லிட்டேன்."

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "அப்ப அவன் ஊத்தலைன்னு சொன்னது..." என்று தொடங்கி அப்படியே விட்டுவிட்டார். பிறகு, "இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. விசாரிக்கிறேன் என்றேன்.

4. தளேகாவ்

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. தளேகாவில் ஒரு ஃபேக்டரியில் தோட்ட வேலை என்றாள். ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயில் பிடித்துப் போனேன். கஸ்தூரி ஒரு டப்பாவில் முறுக்கு கட்டிக் கொடுத்தாள். "வாய் வார்த்தையோட மட்டும் போவாதீங்க" என்றாள்.

ஃபேக்டரி மதிலுக்குப் பின்னால் தகரம் போட்ட அறை. வாசலில் வத்சலாபாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் நின்றது. "ஜன்னல் மிஸ்திரி வந்திருக்கான்" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

நாம்தேவ் வெளியே வந்தார். குல்லாய் இல்லாத தலையில் முடி ரொம்ப நரைத்திருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பைப், ஜாயிண்ட், சொட்டு, எதிரெதிர் மூலைகள். அவர் முழுதாகக் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு.

"மோக்ரா எப்படி இருக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். "எடுத்துட்டாங்க மாமா. கல்லு போட்டாச்சு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். கையில் சொம்பை வாங்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் ஒரு நிமிஷம்தான் கேட்டேன் உன்னை" என்றார். "அவ்வளவுதான் கேட்டேன்."

"ஆமா மாமா."

வத்சலாபாய் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். "இவருக்கு எங்க மண்ணு இருந்தாலும் வேலை செஞ்சுப்பாரு. எனக்கு அப்படி இல்லை. அந்தத் தெருவுல பால்காரன், இஸ்திரிக்காரி, டாக்டர்கிட்ட வர பொம்பளைங்க எல்லாம் நின்னு பாத்தாங்க. என்ன திருடுனாங்கன்னு ஒருத்தி கேட்டா. நீ இங்க வந்து எங்க ரெண்டு பேர்கிட்ட சொன்னா எனக்கு என்ன? அவங்க முன்னாடி சொல்லணும். நீயும் சொல்லணும், உங்க பாயும் சொல்லணும்."

திரும்பி வந்து டாக்டர்பாயிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் கண்டிப்பான ஆள். மருந்தை ஒழுங்காகக் கொடுக்காத தாய்மார்களை அழவைத்துவிடுவார். 'என்னையா கூப்பிடுகிறாள்?' என்று கேட்பார் என நினைத்தேன்.

"நீ போய்க் கூப்பிட்டா எப்படி வருவாங்க? அடுத்த ஞாயிறு நான் வரேன்" என்றார்.

வந்தார். செகண்ட் கிளாஸ் பெட்டியில், மடியில் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் பேசினார்.

"பதினெட்டு வருஷத்துல அவன் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. நீ வந்து நாலு நிமிஷம் ஆகலை, உன்னை நம்பிட்டேன்."

"நான் சொன்ன விதம் அப்படி பாய். நிச்சயமாத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

"நானும் தினமும் தாய்மாருங்ககிட்ட அப்படித்தானே சொல்றேன்" என்றார். அதற்கு மேல் தளேகாவ் வரை பேசவில்லை.

அங்கே அவர்கள் மூவரும் அறைக்குள் பேசினார்கள். நான் மதிலோரம் நின்றேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்தபோது டாக்டர்பாயின் மூக்கு சிவந்திருந்தது. "நாளைக்குக் காலைல வராங்க. திங்கக்கிழமைதான் கூட்டம் அதிகம்" என்றார்.

5. திங்கட்கிழமை

கிளினிக்கில் அன்று உட்கார இடமில்லை. தாய்மார்கள், இடுப்பில் குழந்தைகள், அழுகை. படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரிக்காரியை நானே போய் அழைத்து வந்திருந்தேன். சுவர் இன்னும் பூசாமல் திறந்தே கிடந்தது. டாக்டர்பாய் மூடவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

நாம்தேவும் வத்சலாபாயும் பத்து மணிக்கு வந்தார்கள். அவர் வெளுத்த சட்டை போட்டிருந்தார். அவள் கல்யாணத்துக்கு உடுத்துவது மாதிரி பச்சைப் புடவை கட்டியிருந்தாள்.

டாக்டர்பாய் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். "எல்லாரும் கேளுங்க. போன வருஷம் நாம்தேவை நான் வேலையை விட்டு அனுப்பினேன். அவர் பொய் சொன்னார்னு நினைச்சேன். அவர் சொன்னது நிஜம். தப்பு என்னோடது."

நாம்தேவால் அங்கே நிற்க முடியவில்லை. "போதும் பாய், போதும்" என்று வாசல் பக்கம் திரும்பினார். வத்சலாபாய் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"படியில இருக்கிறவங்களுக்குக் கேக்கலை பாய்" என்றாள்.

டாக்டர்பாய் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கமாக நான்கு அடி நடந்து போய், முதலில் இருந்து, இன்னும் உரக்க, மறுபடி சொன்னார்.

அடுத்து என் முறை. இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் இரண்டும் போய்விட்டன. உடைந்த சுவரைக் காட்டி, "தண்ணி இங்கேர்ந்து வந்தது. நான் வெளிய போய்ப் பாக்காம இவர் மேல சொன்னேன்" என்றேன். இஸ்திரிக்காரி, "அதுதானே! எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் அவள் அப்படிச் சொன்னதும் வத்சலாபாயின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

டாக்டர்பாய் அவர்களைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டார். பின்னறை அப்படியே காலியாக இருக்கிறது என்றார். நாம்தேவ் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அங்க புல்லு வெச்சிருக்கேன் பாய். இப்பதான் வேர் பிடிச்சிருக்கு. விட்டுட்டு வர முடியாது." அதில் கோபம் இல்லை. திரும்பி வரும் எண்ணமும் இல்லை. பன்னிரண்டு மணி ரயிலில் போய்விட்டார்கள்.

மானே ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், வேறொரு வீட்டில், கட்டில் நனைந்ததற்கு வேலைக்காரியைக் குற்றம் சொன்ன ஒரு ஆளிடம், "இருங்க, சுவரைத் திறந்து பாப்போம்" என்று அவரே சொன்னதைக் கேட்டேன்.

6. தெரியாது

மர வேலையில் கை பழகச் சில வருடங்கள் போதும். 'தெரியாது' என்று சொல்லப் பழக எனக்கு நாம்தேவ் குடும்பத்தின் ஒரு வருடம் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு நான் சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். அழுகல் எந்த மூலையில் தொடங்கியது, ஏன் அங்கே மட்டும் என்று பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை. சட்டத்தின் முதுகைப் பார்க்காமல் வெட்டுவதில்லை. யாராவது "வந்து பார்" என்று கூப்பிட்டால் எந்த அவசரத்திலும் போய்ப் பார்த்துவிடுவேன். இதனால் சில வீடுகளில் எனக்கு வேலை போனது. கேட்டவுடன் காரணம் சொல்கிற மிஸ்திரியைத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கோயம்புத்தூர், சென்னைப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் நிறைய வீடு வாங்கினார்கள். விஷ்ராந்த்வாடியில் அப்படி ஒரு தம்பதி. பாதி தரைக்குக் கீழே ஒரு அறை. அதில் அந்தப் பையன் மேஜை போட்டு வேலை செய்வான். தமிழ் பேசும் மிஸ்திரி என்று யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

ஜன்னலின் அடிச்சட்டம் போயிருந்தது. உளி வழக்கம்போல உள்ளே போனது.

"அங்கிள், எங்க வேலைக்காரம்மாதாங்க காரணம்" என்றாள் அந்தப் பெண். "எத்தனை தடவை சொல்லியும் பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தித்தானுங்க ஜன்னலைக் கழுவுறாங்க. கேட்டா இல்லைங்கறாங்க. நீங்களே சொல்லுங்க, அதனாலதானே அழுகியிருக்குது?"

அந்த வேலைக்காரப் பெண்மணி வாசலில், கையில் துடைக்கும் துணியோடு நின்றாள். மராத்திக்காரி. எங்கள் தமிழ் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது புரிந்திருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

"பாத்தீங்களே அங்கிள்?"

"அழுகுனதைப் பாத்தேன். யாராலன்னு இன்னும் பாக்கலை."

பிறகு அந்த வேலைக்காரப் பெண்மணி பக்கம் திரும்பி அதையே மராத்தியில் சொன்னேன். அவள் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். ஜன்னலின் வெளிப்பக்கம் போக எந்த வழி என்று கேட்டேன். காட்டுவதற்கு அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் படியேறினேன்.